சக்கரத்தை மாற்ற வேண்டாம்... பேரிங்கை மாற்றினால் போதும்!

போன மாதம் ஆசிரியர் குழுவிலிருந்து எனக்கு ஒரு கடிதத்தை அனுப்பி வைத்தார்கள். வழக்கமாக என்னிடம் வருவது நெல்லில் குலைநோய், கடலையில் இலைப்புள்ளி, மண் பரிசோதனை பற்றிய கேள்விகள்தான். இது வேறு மாதிரி. மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்.

'ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். காலையில் பஸ் இருக்கிறது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பஸ் கிடையாது. அவள் மாமா வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில்தான் போய் வருகிறாள். ஒரு மாசமாகப் பின் சக்கரத்தில் கரகரவென்று சத்தம். பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. கடையில் காட்டினால், சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் வீட்டு இரண்டு வாரப் பால் பணம். அவள் அப்பா, ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிடச் சொல் என்கிறார். வேறு வழி உண்டா?'

வேளாண்மைத் துறைக்காரனிடம் சைக்கிள் கேள்வியா என்று நீங்கள் கேட்கலாம். களை எடுக்கும் கருவி, விதைப்புக் கருவி, தள்ளுவண்டி என்று நம் வயலில் உருளுகிற பொருள்கள் பலவற்றின் உயிரும் பேரிங்கில்தான் இருக்கிறது. கருவிப் பயிற்சி முகாம்களில் இவற்றைக் கழற்றி மாட்டிப் பழகியவன் நான். அந்த அம்மாவுக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதையே இங்கே விரிவாகத் தருகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

சக்கரத்தின் நடுவில், ஆரக்கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உருளைக்கு ஹப் என்று பெயர். அதன் நடுவே அச்சு போகிறது. அச்சு நிற்க, ஹப் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே உராய்வைக் குறைக்க இருப்பவைதான் இரும்புக் குண்டுகள். 1869-ல் பாரிஸ் நகரத்து ழூல் சுரிரே என்பவர் சைக்கிளுக்கான குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில், அந்த பேரிங் பூட்டிய வண்டியில்தான் ஜேம்ஸ் மூர் முதலாவதாக வந்தார்.

நம் பால்கார அண்ணன்கள் ஓட்டும் பழைய சைக்கிள்களில் குண்டுகள் தனித்தனியாக இருக்கும். கப், கோன் இரண்டுக்கும் நடுவே கிரீஸில் உட்கார்ந்திருக்கும். கோனை முறுக்கினால் ஆட்டம் போய்விடும்.

இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் அப்படி இல்லை. உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள், குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு, கிரீஸ், இருபுறமும் ரப்பர் மூடி என்று எல்லாம் சேர்ந்து ஒரே வில்லையாக வரும். இதைக் கடைக்காரர்கள் 'சீல்டு பேரிங்' என்பார்கள். ஹப்பின் இரு முனைகளிலும் இது இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இதில் முறுக்கிச் சரிசெய்ய எதுவும் இல்லை. தேய்ந்தால் எடுத்துவிட்டு அதே அளவில் வேறு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதைச் செய்யப் பழகாதவர்கள்தான் 'சக்கரத்தை மாற்று' என்று சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

இலை மஞ்சளாகிவிட்டது என்றதும் யூரியா மூட்டையைப் பிரிக்கிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வேர் அழுகியிருந்தாலும் இலை மஞ்சளாகும் அல்லவா? சைக்கிளும் அப்படித்தான். சத்தம் வந்தாலே பேரிங் என்று முடிவு கட்டாதீர்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டு வரிசையாக இப்படிப் பாருங்கள்.

1. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் போகும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ரிம் வளைந்து வளைந்து போனால் அது கம்பியின் கோளாறு. பேரிங்குக்குச் சம்பந்தமில்லை. கம்பியை முறுக்கி நேராக்கினால் சரியாகிவிடும்.

2. சக்கரத்தை நிறுத்தி, ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கைக்குத் தெரிகிறதா? அச்சின் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும் ஆடினால் கோளாறு ஹப்புக்குள்தான்.

3. ஒரு கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள சட்டக்குழாயின் மேல் வைத்துக்கொண்டு, மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. தேய்ந்தது என்றால் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு குழாய் வழியே வரும். பிரேக் உரசல், மட்கார்டு உரசல் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பின் சக்கரத்தில் செயினைப் பல்சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டுப் பாருங்கள். மிதிக்காமல் விட்டால் வரும் 'டிக் டிக்' ஒலி பல்சக்கரத்தின் இயல்பான ஒலி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

4. சக்கரத்தைக் கழற்றி, அச்சின் முனையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். இதுதான் முடிவான சோதனை. வழுக்கிக்கொண்டு, கிரீஸின் லேசான பிடிப்போடு திரும்பினால் நல்லது. சொரசொரப்பாகவோ, விட்டு விட்டு நின்று நின்றோ திரும்பினால் பேரிங் முடிந்துவிட்டது.

5. ரப்பர் மூடியைப் பாருங்கள். கிழிந்திருந்தால், அல்லது ஓரத்தில் துருநீர் வழிந்த செங்கறை இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று பொருள்.

பல்சக்கரம் மட்டும் சற்று ஆடி, ரிம் ஆடாமல் இருந்தால் ஹப் பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள். பல்சக்கரத்துக்கு உள்ளே தனியாகக் குண்டுகள் இருக்கின்றன. அதில் சிறு ஆட்டம் இருப்பது சகஜம்.

தேய்ந்தது என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆடுகிற சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. வெளிவளையம் ஹப்போடு ஒட்டி நிற்காமல் தனியாக அசையத் தொடங்கினால் அது உட்காரும் குழியும் தேயும். அப்போது சக்கரத்தை மாற்றுவதைத் தவிர அநேகமாக வேறு வழியிருக்காது. முன் சக்கரம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஓடும்போது முன் சக்கரம் இறுகி நின்றால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும்.

கடையில் என்ன கேட்பது?

பேரிங்கின் மூடியிலோ வளையத்திலோ ஒரு எண் பொறித்திருக்கும். சைக்கிளின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. அந்த எண்ணைச் சொன்னால் போதும். டிராக்டர், மோட்டார் பேரிங் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். அடிக்கடி வரும் அளவுகள் இவை (உள்விட்டம் - வெளிவிட்டம் - தடிமன், மி.மீ. கணக்கில்):

608: 8 - 22 - 7
6000: 10 - 26 - 8
6001: 12 - 28 - 8
6200: 10 - 30 - 9
6201: 12 - 32 - 10
6900: 10 - 22 - 6
6901: 12 - 24 - 6
6902: 15 - 28 - 7

எண்ணுக்குப் பின்னால் '2ஆர்.எஸ்.' என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. 'இசட்.இசட்.' என்று இருந்தால் இருபுறமும் தகர மூடி. தகர மூடி தூசியை ஓரளவு தடுக்கும்; தண்ணீரைத் தடுக்காது. மழையிலும் சேற்றிலும் போகிற நம் சைக்கிளுக்கு ரப்பர் மூடியே சரி. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் எண் வேறாக இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டே வாங்குங்கள். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரு ஜோடியின் விலை புதுச் சக்கரத்தின் விலையில் சிறு பங்குதான். அதனால் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கழற்றும் முறை

சக்கரத்தைக் கழற்றிய பிறகு, அச்சின் ஒரு பக்கத்து லாக் நட்டைக் கழற்றுங்கள். வாஷர், வளையம் எது முதலில் வருகிறதோ அந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் அந்தத் தட்டில் எண்ணெய்க் கை படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

பின் சக்கரத்தில் பல்சக்கரம் வலப்பக்கத்து பேரிங்கை மறைத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றத் தனிக் கருவி தேவை. அந்த ஒரு வேலையை மட்டும் சைக்கிள் கடையில் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

பிறகு ஹப்பை, நடுவில் துளையிட்ட மரக்கட்டையின் மேலோ, பேரிங்கைவிட அகலமான குழாய்த் துண்டின் மேலோ நிறுத்துங்கள். பாரம் ஹப்பின் உடம்பில் இருக்க வேண்டும். கம்பிகள் மாட்டியிருக்கும் விளிம்பில் இருக்கக்கூடாது. பல வண்டிகளில் அச்சின் நடுப்பகுதி தடிமனாக, படிக்கட்டு மாதிரி இருக்கும். அச்சின் மேல்முனையில் மரச் சுத்தியலால் தட்டினால் அந்தப் படி, கீழ்ப்பக்கத்து பேரிங்கை வெளியே தள்ளிவிடும். பிறகு ஹப்பைத் திருப்பி வைத்து, உள்ளிருந்து ஒரு இரும்புக் கம்பியால் அடுத்ததைத் தட்டி எடுங்கள். ஒரே இடத்தில் தட்டாமல் மேல், கீழ், இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தட்டினால் கோணாமல் வரும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்படித் தட்டி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக்கூடாது. தட்டின அடி குண்டுகளின் மேல் விழுந்திருக்கும்.

குழியை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்த்திவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த ஹப் உதவாது. புது பேரிங்கை விரலால் அழுத்தியதுமே எந்தப் பிடிப்பும் இல்லாமல் உள்ளே விழுந்துவிட்டால் குழி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டு நிலையிலும் சக்கரத்தை மாற்றச் சொல்வது நியாயம்தான். அச்சு மட்டும் வளைந்திருந்தால் அச்சை மட்டும் மாற்றலாம்.

நான் செய்த தவறு

என் மகனின் சைக்கிளுக்கு முதன்முதலாக நான் பேரிங் மாற்றியபோது பழையதை எல்லாம் ஒழுங்காகக் கழற்றிவிட்டேன். புதியதை வைத்து, உள்வளையத்தின் மேல் ஒரு குழாயை நிறுத்திச் சுத்தியலால் இரண்டு போடு போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மாதம் முடிவதற்குள் மறுபடி அதே கரகர சத்தம். சரக்கு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், உள்வளையத்துல அடிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். ஹப்பின் குழியில் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம். உள்வளையத்தில் அடித்தால் அந்த வேகம் குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போகிறது. குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தப் பள்ளங்களில் ஏறி இறங்குகின்றன. புது பேரிங் போட்ட அன்றே பழசாகிவிடுகிறது.

பொருத்தும் முறை

சுத்தியலை ஒதுக்கி வைத்துவிடுங்கள். பேரிங்கின் துளைக்குள் நுழையும் தடிமனில், ஹப்பைவிட நீளமான ஒரு மரையிட்ட கம்பி, இரண்டு நட்டு, சில கனமான வாஷர்கள் இருந்தால் போதும். 6001 என்றால் துளை 12 மி.மீ.; அதற்கு 10 மி.மீ. கம்பி சரியாக இருக்கும். பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் தொடுகிற அளவில் ஒரு பாக்ஸ் சாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அது குழிக்குள் நுழையும்படி, வெளிவிட்டத்தைவிட ஒரு நூல் சிறியதாக இருக்க வேண்டும்.

குழியில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். பேரிங்கை நேராக வைத்து, அதன் மேல் சாக்கெட், அதன் மேல் வாஷர், நட்டு. ஹப்பின் மறுபக்கத்தில் பெரிய வாஷர், நட்டு. கம்பியை நடுவில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். சாய்ந்து போவது தெரிந்தால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து, திரும்ப நேராக வையுங்கள். சாய்ந்ததை அழுத்தி உள்ளே தள்ளினால் குழி சிதைந்துவிடும். அடியில் போய் முட்டியதும் ஸ்பேனர் சட்டென்று கனக்கும். அதோடு நிறுத்துங்கள்.

முதல் பேரிங் உட்கார்ந்த பிறகு நடுக்குழாயோ அச்சோ எது இருந்ததோ அதை உள்ளே வைத்துவிட்டுத்தான் இரண்டாவதைப் போட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மறுபடி கழற்றுகிறார்கள். இரண்டாவது பேரிங்கின் உள்வளையம் நடுக்குழாயை, அல்லது அச்சின் படியைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் குண்டுகளுக்குப் பக்கவாட்டில் பாரம் ஏறி, சீக்கிரம் தேயும்.

வாஷர்களை எடுத்த வரிசையில் திரும்ப மாட்டி, லாக் நட்டை இறுக்குங்கள். ஆட்டமும் இருக்கக்கூடாது, அச்சு விரலால் சுலபமாகவும் திரும்ப வேண்டும். வண்டியில் பூட்டிய பின் அச்சு நட்டு, பிரேக் இரண்டையும் சரிபாருங்கள். வீட்டு முன்னால் ஒரு பெரியவர் ஓட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்து, நட்டு தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

நீண்ட நாள் உழைக்க...

பேரிங்குக்கு முதல் எதிரி தண்ணீர். பம்புசெட் ஹோஸை ஹப்பின் மேல் நேராகப் பிடித்துக் கழுவாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். இரண்டாவது எதிரி உர உப்பு. யூரியா, பொட்டாஷ் மூட்டையை கேரியரில் ஏற்றி வந்தால் சிந்தியதை அன்றே துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். மூன்றாவது எதிரி நம் கைவைத்தியம். டீசலையும் பழைய என்ஜின் ஆயிலையும் ஊற்றினால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து வெளியேறும், தூசி ஒட்டிக்கொள்ளும்.

நன்றாகச் சுற்றுகிற பேரிங்கின் ரப்பர் மூடியை மெல்லிய பிளேடால் நெம்பித் திறந்து, புதுக் கிரீஸ் வைத்து மூடலாம். ஆனால், சொரசொரப்பு வந்துவிட்ட பேரிங்கைக் கிரீஸ் குணமாக்காது.

வாசகர்கள் கேட்டவை

'பால் கேன் கட்டும் பழைய சைக்கிளில் சீல்டு பேரிங் போட முடியுமா?'

அப்படியே போட முடியாது. ஹப்பின் அமைப்பே வேறு. அதில் கப், கோன் தேயாமல் இருந்தால் குண்டுகளையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும். பொதுவாக முன் சக்கரத்துக்கு 3/16 அங்குலக் குண்டு, பின் சக்கரத்துக்கு 1/4 அங்குலக் குண்டு வரும். பழையதில் எத்தனை இருந்தன என்று எண்ணி, அத்தனையையும் புதிதாகப் போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

'சைக்கிள் சக்கரம் வைத்த களைவெட்டி வைத்திருக்கிறேன். பேரிங் அடிக்கடி போகிறதே?'

சேறும் ஈரமும்தான் காரணம். வேலை முடிந்ததும் ஹப்பைத் துடைத்து, நிழலில் உலர வைத்து, ஈர மண்ணில் போடாமல் சுவரில் மாட்டி வையுங்கள். அது ஆள் நடக்கும் வேகத்தில்தான் உருளுகிறது. பேரிங்குக்குப் பதிலாக, லேத் பட்டறையில் அதே அளவில் நைலான் புஷ் கடைந்து போட்டாலும் வேலை நடக்கும். ரோட்டில் ஓட்டும் சைக்கிளுக்கு இந்த முறை வேண்டாம்.

'பழைய ஃபேனிலிருந்து எடுத்த பேரிங் அளவு பொருந்துகிறது. போடலாமா?'

வேண்டாம். ஃபேனில் பெரும்பாலும் தகர மூடி போட்டதுதான் இருக்கும், தண்ணீர் புகுந்துவிடும். அதோடு, தட்டிக் கழற்றிய பேரிங் எவ்வளவு உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஓட்டும் வண்டியில் அந்தச் சோதனை எதற்கு?

மணப்பாறை வாசகியிடமிருந்து போன வாரம் மறுபடி கடிதம் வந்தது. தாயும் மகளுமாகச் சக்கரத்தை வீட்டிலேயே கழற்றி, டவுனில் பேரிங் கடைக்கே கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் 6001. ஒன்று துருப்பிடித்துச் செங்கல்பொடியாக வந்ததாம். பக்கத்து லேத் பட்டறைக்காரர் கம்பியும் நட்டும் வைத்துப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். பேரிங், கூலி எல்லாம் சேர்த்தும் இரண்டு நாள் பால் பணம்கூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார். 'அவள் அப்பா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை ஐயா. மறுநாள் சாயங்காலம் அவள் கிளாஸுக்குப் போய்விட்டு வந்தாள்' என்பது கடைசி வரி.

இன்று மாலையே உங்கள் வீட்டு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்மைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். சந்தேகம் இருந்தால் பேரிங்கில் உள்ள எண்ணைக் குறித்து, வழக்கமான முகவரிக்கு எழுதுங்கள்.